கொடி ஏறினால் குளிசை

இருபத்திரண்டு வருடங்களாகத் தெற்கு லண்டனில் ஆட்களுக்குக் கார் ஓட்டப் பழக்கி வருகிறேன். என்னிடம் பழகினால் முதல் தடவையிலேயே பாஸ் என்று எங்கள் ஆட்களிடையே ஒரு பேர் உண்டு. அதன் இரகசியத்தை இப்போது சொல்வதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பரிசோதகர்கள் வழக்கமாகக் கூட்டிக்கொண்டு போகும் தெருக்கள் எனக்கு மனப்பாடம். கடைசி ஒரு மாதம் அந்தத் தெருக்களிலேயே ஆளைப் போட்டுத் தேய்த்தெடுப்பேன். எந்த ரவுண்டபவுட்டில் எந்த வரிசை, எந்தப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வேகத்தைக் குறைக்க வேண்டும், எல்லாம் கிளிப்பிள்ளைப் பாடம். பாஸ் பண்ணிய அடுத்த கிழமை மோட்டர்வேயில் அவர்கள் என்ன பாடுபடுகிறார்கள் என்பது என் கவலை இல்லை என்று நினைத்திருந்தேன்.

இதே மூளையைத்தான் என் இரத்தத்துக்கும் பாவித்தேன்.

எனக்கு ஐம்பத்தொரு வயதானபோது ஜீபியிடமிருந்து, அதாவது எங்கள் குடும்ப டொக்டரிடமிருந்து, கடிதம் வந்தது. நாற்பது தாண்டியவர்களைக் கூப்பிட்டுச் செய்யும் வழக்கமான பரிசோதனை. எனக்கு ஒரு நோயும் வருத்தமும் கிடையாது. நெஞ்சு நோகாது, மூச்சு வாங்காது. தோர்ண்டன் ஹீத் ஸ்டேஷன் படிகளில் இருபது வயதுக்காரர்களை முந்திக்கொண்டு ஏறுவேன். போய் இரத்தம் கொடுத்துவிட்டு அதை மறந்தும்விட்டேன். ஒரு கிழமை கழித்து டொக்டர் கூப்பிட்டு, கொலஸ்ட்ரோல் மிக அதிகம் என்றார். நாளுக்கு ஒரு குளிசை, ஒரு நாளும் விடக்கூடாது, வருடத்துக்கு ஒரு தடவை இரத்தம் பார்க்க வேண்டும் என்று எழுதித் தந்தார்.

முதல் மாதம் ஒழுங்காகத்தான் போட்டேன். பிறகு கெண்டைக்கால் உளைவது போல இருந்தது. குளிசையாலா அல்லது நாள் முழுக்கக் காருக்குள் குந்தியிருப்பதாலா என்று டொக்டரிடம் கேட்டிருக்கலாம். நான் கேட்டது ஒரு கலியாண வீட்டில் பக்கத்துக் கதிரையில் இருந்தவரிடம். “உந்தக் குளிசையைத் தொடாதையுங்கோ, ஈரல் போயிடும்” என்றார் அவர். அவர் கம்பளம் விற்பவர். ஆனாலும் பத்து வருடம் படித்த டொக்டரை விட்டுவிட்டுக் கம்பளக்காரரை நம்பினேன், ஏனென்றால் எனக்குப் பிடித்ததைச் சொன்னவர் அவர்தான்.

அடுத்த பரிசோதனைக்குக் கடிதம் வந்தபோது நல்லூரில் கொடியேறும் காலம். யாழ்ப்பாணத்தில் நல்லூர்க் கந்தனுக்குக் கொடி ஏறினால், லண்டனில் எங்கள் அடுப்பில் இருபத்தைந்து நாட்களுக்கு மீனும் இறைச்சியும் ஏறாது. விடிய எழும்பித் திருவிழாவை போனில் நேரலையாகப் பார்ப்போம். அந்த விரதத்தோடு சேர்த்து, விட்டிருந்த குளிசையையும் மறுபடி தொடங்கினேன். கொடி இறங்கி மூன்றாம் நாள் இரத்தம் கொடுத்தேன். நாலாம் நாள் போனுக்குச் செய்தி வந்தது. அளவுகள் நன்றாக இருக்கின்றன, இப்படியே தொடரவும் என்று இருந்தது.

நானும் தொடர்ந்தேன், என் வழியில். கொடி இறங்கியதும் ஆட்டிறைச்சி அடுப்புக்கு வந்தது, குளிசை பிஸ்கட் டின்னுக்குப் போனது. மாதாமாதம் மருந்துக்கடைக்குப் போய்ப் பெட்டியை எடுக்க மட்டும் தவறமாட்டேன். எடுக்காவிட்டால் டொக்டரின் கம்ப்யூட்டரில் தெரிந்துவிடும் என்ற பயம். எனக்கு அப்போது இருந்த பயம் அது ஒன்றுதான்.

தம்பி என்னைவிட எட்டு வயது இளையவன். ஜேர்மனியில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு, அண்ணை இருக்கிற ஊரில் இருப்போம் என்று மனைவியோடு லண்டனுக்கு வந்து மோர்டனில் வீடு எடுத்தவன். பிள்ளைகள் இல்லை. வீடுகளைச் சூடாக்கும் பொயிலர்களைப் பூட்டுவதும் திருத்துவதும் அவன் தொழில். நான் சொல்வதைத் தட்டத் தெரியாதவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் குசினி மேசையில் இருந்து தேத்தண்ணி குடிக்கும்போது தயங்கித் தயங்கிச் சொன்னான்.

“அண்ணை, எனக்கும் கொழுப்புக் கூடவாம். ஒவ்வொரு நாளும் குளிசை போடட்டாம்.”

“ஆர் சொன்னது?”

“டொக்டர்தான்.”

“டொக்டர் அப்பிடித்தான் சொல்லுவார். நீ நல்லூரிலை கொடி ஏறக் குளிசையைத் தொடங்கு. கொடி இறங்கினாப் பிறகு போய் இரத்தத்தைக் குடு. மிச்சம் பதினொரு மாசமும் நிம்மதி. நான் மூண்டு வருசமாப் பாஸ்.”

என் மகள் அதே மேசையில் மடிக்கணினியோடு இருந்தாள். அப்போது பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். தலையை நிமிர்த்திச் சிரித்தாள். “அப்பா, தட்ஸ் சீட்டிங்!”

“சீட்டிங் இல்லைப் பிள்ளை, பிரிப்பரேஷன்” என்றேன். மூன்று பேரும் சிரித்தோம்.

தம்பி நல்ல மாணவன். கொடியேற்றத்தன்று காலையில் போன் வரும். “அண்ணை, தொடங்கியாச்சு.” ஒரு மாதம் கழித்து இன்னொரு போன். “அண்ணை, பாஸ்.” இரண்டு வருடம் இப்படிப் போனது. இரண்டாம் வருடம் பாஸ் என்று சொல்லி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நவம்பர் மாதம், காலை பத்து மணியிருக்கும். மிச்சம் என்ற பகுதியில் ஒரு பெண்ணுக்குக் கார் பழக்கிக்கொண்டிருந்தேன். நாலு நாளில் அவளுக்கு டெஸ்ட், ஆகவே வழக்கமான தெருக்களில்தான் போய்க்கொண்டிருந்தோம். மச்சாள், தம்பியின் மனைவி, போன் எடுத்தாள்.

“அத்தான், இவர் வேலை செய்யிற வீட்டிலை விழுந்திட்டாராம். அம்புலன்ஸ்காரர் நெஞ்சிலை அமத்திக்கொண்டு இருக்கினமாம். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை அத்தான்.”

பழக்குகிற காரில் என் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. என்னை அறியாமலே அதை மிதித்துவிட்டேன். கார் நடுத்தெருவில் நின்றது, பின்னால் வந்த வான்காரன் ஹோர்ன் அடித்தான். அந்தப் பெண் பயந்துபோய், “நான் என்ன பிழை விட்டனான்?” என்று கேட்டாள். ஒரு பிழையும் இல்லை என்றேன். இடம் மாறி உட்கார்ந்து நான் காரை ஓட்டியிருக்க வேண்டும். ஆனால் அந்த நிலையில் நான் சாவியைக்கூடத் திருப்பியிருக்கமாட்டேன்.

“நீரே ஓடும் பிள்ளை. ஆஸ்பத்திரிக்கு. நான் வழி சொல்லுறன்.”

“அங்காலை நான் ஒருநாளும் ஓடினதில்லையே அண்ணை.”

“எனக்குத் தெரியும். ஓடும்.”

அவள் ஓடினாள். நான் ஒருநாளும் காட்டிக்கொடுக்காத சந்திகளில், காட்டிக்கொடுக்காத பஸ் வரிசைகளுக்குள், உதட்டைக் கடித்துக்கொண்டு ஓடினாள். நான் பக்கத்தில் இருந்து முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பாதி தம்பிக்காக, பாதி எங்கள் இரண்டு பேருக்காக.

மத்தியானத்துக்குப் பிறகுதான் எங்களை உள்ளே விட்டார்கள். தம்பியின் இதயம் நின்றுபோய், அம்புலன்ஸ்காரர் அதை மறுபடி ஓட வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு, அடைபட்டிருந்த இரண்டு நாளங்களைத் திறந்திருந்தார்கள். மருந்து கொடுத்து ஆளை மயக்கத்திலேயே வைத்திருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வாயில் குழாயோடு, பொயிலர்ச் சட்டையைக் கத்தரியால் வெட்டி எடுத்த உடம்போடு கிடந்தான். இளம் பெண் டொக்டர் ஒருத்தி வந்து, எழும்புவாரா, எழும்பினால் எப்படி எழும்புவார் என்று இப்போது சொல்ல முடியாது, இரண்டு மூன்று நாள் போக வேண்டும் என்றாள். பிறகு மச்சாளிடம் அவன் போடும் மருந்துகளைப் பற்றிக் கேட்டாள். மச்சாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொலஸ்ட்ரோல் குளிசை ஒவ்வொரு நாளும் போடுகிறவர், செப்டம்பரில் இரத்தம் பார்த்தது, எல்லாம் நல்லது என்று வந்தது என்றாள். டொக்டர் தன் திரையைப் பார்த்தாள். அதில் நல்ல அளவுதான் இருந்திருக்கும். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, மருந்தின் பேரும் அளவும் பார்க்க வேண்டும், பெட்டி இருந்தால் கொண்டுவர முடியுமா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

“அத்தான், இவரின்ரை வேலை வான் அந்த வீட்டடியிலை நிக்குது. எடுத்துக்கொண்டு வாருங்கோவன். குளிசையும் அதுக்குள்ளைதான் இருக்கும். காலமை வேலைக்குப் போகேக்கைதான் போடுறவர்.” அவனுடைய ஜக்கெட்டை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதிலிருந்து வான் சாவியை எடுத்து என் கையில் தந்தாள்.

வான் ஒரு ஒடுங்கிய தெருவில் நின்றது. டாஷ்போர்டில் சிறிய முருகன் படம், பக்கத்தில் பாதி குடித்த தண்ணீர்ப் போத்தல். முன் பெட்டியைத் திறந்தேன். மூன்று மருந்துப் பெட்டிகள் இருந்தன. செப்டம்பர், ஒக்டோபர், நவம்பர் என்று மருந்துக்கடை ஒட்டிய திகதிகள். மூன்றும் திறக்கப்படவில்லை. இருக்கைக்குக் கீழே குழாய்த் துண்டுகள் போடும் பைக்குள் கையை விட்டேன். இன்னும் ஆறு பெட்டி வந்தது. என் வீட்டில் பிஸ்கட் டின், அவனுக்கு இந்தப் பை. நான் சொல்லிக் கொடுத்ததில் ஒன்றையும் அவன் விடவில்லை.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது நடந்ததுதான். அந்த நேரத்திலும் என் மூளை டெஸ்டுக்கு ஆயத்தம் பண்ணத்தான் பார்த்தது. பத்தடி தள்ளி ஒரு குப்பைத் தொட்டி நின்றது. எட்டுப் பெட்டியை அதற்குள் போட்டுவிட்டு, நவம்பர்ப் பெட்டியை மட்டும் உடைத்து, பத்துப் பன்னிரண்டு குளிசையை எடுத்து எறிந்துவிட்டுக் கொண்டுபோனால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. மச்சாளுக்கும் மனம் நோகாது, எனக்கும் பேர் கெடாது. பெட்டியை உடைத்தும்விட்டேன். மூன்று குளிசைகள் உள்ளங்கையில் விழுந்தன.

அப்போதுதான் பயம் வந்தது. அதுவரை வந்ததெல்லாம் வெட்கம். அந்த டொக்டர் இந்தப் பெட்டியைப் பார்ப்பாள். இவன் ஒவ்வொரு நாளும் குளிசை போட்டும் நாளம் அடைத்திருக்கிறது என்று நம்புவாள். அந்த நம்பிக்கையில்தான் அவனுக்கு அடுத்த வைத்தியத்தைச் செய்வாள். நான் சொல்லிக் கொடுத்த ஒரு பொய் அவனை இந்த நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறது, இன்னொன்று ஆளையே முடித்துவிடலாம். வானுக்குள் இருந்து வாய்விட்டு அழுதேன். பிறகு ஒன்பது பெட்டியையும், கையில் இருந்த மூன்று குளிசையையும் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டேன்.

மச்சாளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு டொக்டரிடம் தனியாகச் சொல்லலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் தள்ளி நிற்கவில்லை. ஆகவே அவளுக்கு முன்னாலேயே ஆங்கிலத்தில் சொன்னேன். வருடத்தில் ஒரு மாதம்தான் போடுவான், இரத்தம் கொடுக்கும் முன் மட்டும், அந்த மாதம் மரக்கறிச் சாப்பாடு, இரண்டு வருடமாக இப்படித்தான், சொல்லிக் கொடுத்தது நான்.

டொக்டர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திகதியைப் பார்த்தாள். “அப்படியென்றால் நாங்கள் இவருடைய வருடத்தில் ஒரு மாதத்தைத்தான் பார்த்திருக்கிறோம். மற்றப் பதினொரு மாதத்தை ஒருவரும் பார்க்கவில்லை” என்றாள். எழுதிக்கொண்டே, நான் கூடப்பிறந்த அண்ணனா என்று கேட்டாள். ஆம் என்றேன். “உங்களுடைய அளவு எவ்வளவு?”

எனக்குத் தெரியாது என்றேன். ஐந்து வருடம் இரத்தம் கொடுத்தவன் சொன்ன பதில் அது.

மச்சாள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். கதிரையில் இருந்து பையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு வசனம்தான் சொன்னாள். “ஒவ்வொரு காலமையும் போத்தலிலை தண்ணி நிரப்பிக் குடுத்துவிட்டனான் அத்தான், குளிசை போடவெண்டு.”

மூன்றாம் நாள் மத்தியானம் தம்பி கண் திறந்தான். அதுவரை நான் சாப்பிட்டது என்ன, எங்கே இருந்தேன் என்று எனக்கு நினைவில்லை. குழாயை எடுத்த பிறகு அவனுக்குக் குரல் வரவில்லை, காற்றுத்தான் வந்தது. மச்சாள் தண்ணீர் எடுக்கத் திரும்பிய நேரம் பார்த்து என்னைக் கிட்ட வரச் சொல்லிக் கண்ணைக் காட்டினான்.

“சொல்லிப்போட்டியளே?”

“ஓமடா. எல்லாம் சொல்லிப்போட்டன்.”

கண்ணை மூடிக்கொண்டான். கோபமோ என்று பயந்தேன். ஆனால் படுக்கை விளிம்பில் இருந்த என் விரலைத் தேடிப் பிடித்துக்கொண்டான். இதயத்தில் ஒரு பகுதி செத்துப்போய்விட்டது என்றார்கள். இப்போது அவன் பொயிலர் தூக்குவதில்லை, வீட்டு மாடிப்படியை இரண்டு தடவை நின்றுதான் ஏறுகிறான்.

அவன் கண் திறந்த அடுத்த நாள் காலையிலேயே நான் ஜீபியிடம் போனேன். போகும் வழியெல்லாம் உள்ளுக்குள் ஒரு குரல் நச்சரித்தது. நாலு கிழமை பொறு, குளிசையைப் போட்டுவிட்டுப் போ என்றது. அதை வாய்விட்டே ஏசினேன், பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண்மணி எழும்பி வேறு இருக்கைக்குப் போய்விட்டாள். முந்தின நாள் ஆஸ்பத்திரி வாசலில் உறவுக்காரர் கொண்டுவந்து தந்த ஆட்டிறைச்சிக் கறியும் புட்டும் இன்னும் வயிற்றில் இருந்தன. நர்ஸ் கையைக் கட்டி ஊசியை ஏற்றினாள். இரத்தம் சிவப்பாக, மற்றவர்களுடையதைப் போலவே இருந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது.

முடிவு வர நாலு நாள் சென்றது. இடது கை விறைத்தால் பயம், ஏப்பம் வந்தால் பயம், ஸ்டேஷன் படியில் ஒருவரையும் முந்தவில்லை. மாணவர்கள் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் என் நெஞ்சில் கை போனது. இந்தத் தடவை வந்த செய்தியில் நன்றாக இருக்கிறது என்ற சொல் இல்லை. உடனே டொக்டரைப் பார்க்கவும் என்று இருந்தது. பிஸ்கட் டின்னையும் கொண்டுபோய் அவர் மேசையில் கவிழ்த்தேன். என் அளவு முதலில் பார்த்ததைவிடக் கூடியிருந்தது. குளிசையை மாற்றித் தந்தார், கால் உளைந்தால் குளிசையை விட்டுவிடாமல் தன்னிடம் வரும்படி சொன்னார். பிறகு, அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் இப்படி என்றால் பரம்பரையாகவும் இருக்கலாம், பிள்ளைகள் உண்டா என்று கேட்டார்.

ஒரு மகள் என்றேன்.

மகளுக்கு இப்போது இருபத்தைந்து வயது, வேலை செய்கிறாள், சொந்தமாகச் சின்னக் கார் வைத்திருக்கிறாள். தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை சித்தப்பாவைப் பார்க்க என்னை மோர்டனுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இரத்தம் கொடுக்கச் சொல்லி நானும் மனைவியும் ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். அவள் பிடி கொடுக்கவில்லை. அன்று சிவப்பு விளக்கு ஒன்றை நெருங்கும்போது தானாகவே கதையை எடுத்தாள்.

“அப்பா, பிளட் டெஸ்ட்... செப்டம்பருக்கு புக் பண்ணட்டா? நல்லூர் முடிஞ்ச உடனை?”

என் கால் பிரேக்கைத் தேடி நிலத்தை மிதித்தது. அவள் காரில் என் பக்கம் பிரேக் இல்லை.

“என்ன சொன்னனீ?”

“அந்த மந்த் எண்டா மரக்கறிதானே. அப்ப பாஸ் ஆகும்.” அவள் பகிடி விடவில்லை. “எனக்குப் பயமா இருக்கு அப்பா. சித்தப்பா மாதிரி எண்டு சொல்லிப்போடுவினமோ எண்டு.”

“ஓரமா நிப்பாட்டு.”

நிறுத்தினாள். போனை எடுத்து அப்போதே புக் பண்ண வைத்தேன். வியாழக்கிழமை காலை கிடைத்தது. புதன்கிழமை சிநேகிதியின் பிறந்தநாள், பிரியாணி இருக்கும், என்ன செய்ய என்று கேட்டாள். வழக்கமாகச் சாப்பிடுகிற மாதிரியே சாப்பிடு, ஒன்றையும் குறைக்காதே என்றேன்.

அவள் இரத்தம் கொடுத்து நாலாம் நாள், திங்கட்கிழமை பின்னேரம், குசினி மேசையில் எதிரெதிராக இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். தம்பியோடு நாங்கள் மூன்று பேரும் சிரித்த அதே மேசை. அவளுடைய போனில் செய்தி வந்த சத்தம் கேட்டது. எடுத்துப் பார்த்தாள், யாரிடமிருந்து என்று தெரிந்ததும் திறக்காமல் என்னிடம் நீட்டினாள்.

“நீங்கள் பாருங்கோ அப்பா.”

நான் என் மூக்குக்கண்ணாடியைத் தேடினேன். மேசையில் பார்த்தேன், சட்டைப் பையில் பார்த்தேன், எழும்பி அலுமாரித் தட்டிலும் பார்த்தேன். “அப்பா, போட்டுக்கொண்டுதான் இருக்கிறியள்” என்று மகள் மெல்லச் சொன்னாள்.